டேட்டா போகாமல் ரெய்டு தொகுப்பைப் பெரிதாக்குவது எப்படி: முழு வழிகாட்டி

சர்வரில் இடம் 90 சதவீதம் நிரம்பியதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, இன்னொரு டிஸ்க்கைச் செருகிவிடலாம் என்பதுதான். செருகலாம், தவறில்லை. பல டிஸ்க்குகளை இணைத்து ஒரே பெரிய டிஸ்க் போல நடத்தும் தொகுப்புதான் ரெய்டு. லினக்ஸின் மென்பொருள் ரெய்டிலும் நல்ல ஹார்டுவேர் கன்ட்ரோலர்களிலும் சர்வரை நிறுத்தாமலேயே தொகுப்பைப் பெரிதாக்க முடியும். ஆனால் இந்த வேலையில் நான் பயப்படுவது புது டிஸ்க்கைப் பார்த்து அல்ல, சில வருடங்களாக ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிஸ்க்குகளைப் பார்த்துத்தான். பெரிதாக்கும்போது அவற்றின் ஒவ்வொரு மூலையும் படிக்கப்படும், யாரும் நெடுநாளாகத் தொடாத பகுதிகள் உட்பட. அங்கே ஒளிந்திருக்கும் பழுது அப்போதுதான் வெளியே வரும். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பங்கு, கட்டளை அடிப்பதற்கு முன்னால் செய்யவேண்டியவற்றுக்கே போகிறது. அவசரமாக இருந்தாலும் அந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

கட்டளைகளை இங்கே பெயர் சொல்லித்தான் விளக்குகிறேன். அப்படியே வெட்டி ஒட்டும்படி கொடுக்கவில்லை, ஏனென்றால் டிஸ்க் பெயர் சர்வருக்கு சர்வர் மாறும். மேனுவல் பக்கத்தை ஒருமுறை திறந்து, உங்களிடம் இருக்கும் பதிப்பில் எப்படி எழுதவேண்டும் என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

எந்த வழி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வழி மூன்று. ஒன்று, டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டுவது. 4 டெராபைட் டிஸ்க் நான்கு கொண்ட ரெய்டு 5-ல் பயன்படும் இடம் 12 டெராபைட், ஐந்தாவதைச் சேர்த்தால் 16. ஒரு டிஸ்க் அளவு இடம் பேரிட்டிக்கு, அதாவது ஒரு டிஸ்க் செத்தால் அதில் இருந்ததைத் திரும்பக் கணக்கிட உதவும் தகவலுக்குப் போய்விடும். காலி ஸ்லாட் இருந்தால்தான் இது முடியும்.

இரண்டாவது, இருக்கும் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அதைவிடப் பெரியதைப் போடுவது. தொகுப்பில் இருப்பதிலேயே சிறிய டிஸ்க்தான் கணக்கைத் தீர்மானிக்கும், அதனால் கடைசி டிஸ்க் மாறும்வரை ஒரு பைட் இடம்கூட அதிகரிக்காது. மாறியபின் அதே நான்கு ஸ்லாட்டில் 8 டெராபைட் டிஸ்க் இருந்தால் 12 என்பது 24 ஆகிவிடும்.

மூன்றாவது, தனியாகப் புதுத் தொகுப்பு ஒன்றைக் கட்டி, டேட்டாவை அதற்கு நகலெடுத்து, கடைசியில் மவுண்ட் பாயிண்ட்டை, அதாவது அது எந்த அடைவில் தெரியவேண்டும் என்பதை, மட்டும் மாற்றுவது. செலவு அதிகம்தான். ஆனாலும் ஸ்லாட்டும் பணமும் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் கடைசி நிமிடம்வரை பழைய தொகுப்பு கைபடாமல் அப்படியே இருக்கிறது, எந்த இடத்தில் தப்பானாலும் திரும்பிப் போகலாம். மற்ற இரண்டு வழிகளில் அந்த வசதி கிடையாது.

ரெய்டு வகையைப் பொறுத்தும் சில விஷயம் மாறும். எல்லா டிஸ்க்கிலும் ஒரே டேட்டாவை வைக்கும் ரெய்டு 1-ல் மூன்றாவது டிஸ்க்கைச் சேர்த்தால் இன்னொரு நகல் கிடைக்குமே தவிர இடம் கூடாது, அதற்கு இரண்டாம் வழிதான். நகலெடுப்பதும் பிரித்து எழுதுவதும் சேர்ந்த ரெய்டு 10-ஐ லினக்ஸில் நியர் அமைப்பில் (நகல்கள் அருகருகே இருக்கும் அமைப்பு) கட்டியிருந்தால் டிஸ்க் சேர்த்து வளர்க்கலாம். ரெய்டு 5 வைத்திருப்பவர்கள், அதுவும் பெரிய டிஸ்க்குகளில் வைத்திருப்பவர்கள், இந்தச் சாக்கில் இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் ரெய்டு 6-க்கு மாறுவதைப் பற்றி யோசிக்கவேண்டும். சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில் படிக்க முடியாத பிழை 10-ன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒன்றுக்குள் இருக்கும் என்று போட்டிருப்பார்கள், அது ஏறத்தாழ 12.5 டெராபைட். நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. இருந்தாலும் ஒரு டிஸ்க் போனபிறகு மீதி எல்லாவற்றையும் முழுக்கப் படித்தாகவேண்டிய ரெய்டு 5-ல், ஒரு செக்டார் (டிஸ்க்கின் சிறு பகுதி) படிக்க முடியாமல் போனாலும் அதை ஈடுகட்ட எதுவும் மிச்சமில்லை.

மாறுவதாக இருந்தால் நான்கு டிஸ்க் ரெய்டு 5-ஐ ஐந்து டிஸ்க் ரெய்டு 6 ஆக்குவது மிக மெதுவாக நடக்கும். டேட்டா டிஸ்க்குகளின் எண்ணிக்கை மாறாததால், ஒவ்வொரு ஸ்ட்ரைப்பையும், அதாவது எல்லா டிஸ்க்கிலும் பரவியிருக்கும் டேட்டாவின் ஒவ்வொரு வரிசையையும், முதலில் வேறிடத்தில் பேக்கப் எடுத்து, பிறகுதான் அதே இடத்தில் திருப்பி எழுதவேண்டியிருக்கிறது. இரண்டு டிஸ்க்காகச் சேர்த்து ஆறாக்கிவிட்டால் இடமும் கூடும், பாதுகாப்பும் கூடும்.

பேக்கப்

ரெய்டு என்பது பேக்கப் அல்ல. டிஸ்க் ஒன்று செத்தாலும் சர்வர் ஓடவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது, அவ்வளவுதான். நீங்கள் தப்பான டிஸ்க்கின் பெயரை அடித்தால் அதிலிருந்து உங்களை அது காப்பாற்றாது. முழு பேக்கப் ஒன்று வேறு இயந்திரத்தில் இருக்கவேண்டும், அதிலிருந்து சில ஃபோல்டர்களையாவது திருப்பி எடுத்து, திறந்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்திருக்கவேண்டும். டேட்டாபேஸ் இருந்தால் அதன் டம்ப்பை இன்னொரு இடத்தில் ஏற்றிப் பாருங்கள். திருப்பி எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பி ரீஷேப்பை, அதாவது டேட்டாவைப் புது டிஸ்க் எண்ணிக்கைக்கு ஏற்ப மறுபடி அடுக்கும் வேலையை, தொடங்காதீர்கள்.

அதோடு தொகுப்பின் வரைபடத்தையும் சேமித்து வையுங்கள். லினக்ஸ் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் கட்டளையில் டீட்டெயில் கொடுத்தால் வரும் தகவல், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எக்ஸாமின் கொடுத்தால் வரும் தகவல், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே காட்டும் மரம், பார்ட்டிஷன் அட்டவணைகள், எல்விஎம் (இடத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் அடுக்கு) இருந்தால் விஜிசிஎஃப்ஜி-பேக்கப், லக்ஸ் குறியாக்கம் இருந்தால் அதன் ஹெடர் பேக்கப். இவை எல்லாம் சேர்ந்தாலும் கொஞ்ச இடம்தான் எடுக்கும், ஆனால் ஏதாவது குளறுபடியானால் மீட்கப்போகிறவர் முதலில் கேட்பது இவற்றைத்தான். இவற்றை அதே சர்வரில் வைக்காதீர்கள்.

பழைய டிஸ்க்குகளைச் சோதியுங்கள்

ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு ஒவ்வொரு டிஸ்க்கின் ஸ்மார்ட் தகவலையும், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே பதிந்து வைப்பதை, எடுங்கள். பார்க்கவேண்டிய எண்கள் மூன்று: 5-ஆம் எண், அதாவது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள், 197, படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198, சரிசெய்ய முடியாதவை. 197 பூஜ்யமாக இல்லையென்றால் அந்த டிஸ்க்கை வைத்துக்கொண்டு பெரிதாக்கப் போகவேண்டாம், முதலில் அதை மாற்றுங்கள். ஸ்மார்ட் கடைசியில் ‘பாஸ்டு’ என்று சொல்வதை மட்டும் பார்த்து நிம்மதி அடையவேண்டாம், சாகும் தறுவாயில் இருக்கும் டிஸ்க்கும் பல நேரம் அப்படித்தான் சொல்லும். நீண்ட சோதனையை ஒவ்வொன்றிலும் ஓட்டுங்கள், பெரிய டிஸ்க்கில் பல மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

அப்புறம் தொகுப்பு முழுவதையும் ஒருமுறை ஸ்கிரப் செய்யுங்கள். சிஸ் அடைவில் அந்த எம்டி சாதனத்துக்குள் இருக்கும் சிங்க்-ஆக்ஷன் ஃபைலில் ‘செக்’ என்று எழுதினால் போதும், எல்லா டிஸ்க்கையும் படித்து பேரிட்டி பொருந்துகிறதா என்று பார்க்கும். ரீஷேப்பில் நடக்கப்போகும் முழுப் படிப்புக்கு இதுதான் ஒத்திகை, அதுவும் பாதுகாப்பு முழுதாக இருக்கும்போதே நடக்கும் ஒத்திகை. வழியில் படிக்க முடியாத செக்டார் வந்தாலும் மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டுத் திருப்பி எழுதிவிடும். முடிந்ததும் மிஸ்மேட்ச் எண்ணிக்கையைப் பாருங்கள். ரெய்டு 5, 6-ல் அது பூஜ்யமாக இருக்கவேண்டும், இல்லையென்றால் காரணம் தெரியும்வரை நிறுத்துங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று டைம்அவுட். டெஸ்க்டாப் வகை டிஸ்க்குகள் ஒரு கெட்ட செக்டாரைப் படிக்க ஒரு நிமிடத்துக்கு மேல்கூட முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் கெர்னலோ 30 விநாடி பார்த்துவிட்டு, டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று இணைப்பை ரீசெட் செய்யும். ஒரு செக்டார் பிரச்சினை இப்படித்தான் முழு டிஸ்க்கும் தொகுப்பிலிருந்து வெளியேறுவதில் போய் முடிகிறது. டிஸ்க் ஆதரித்தால் ஸ்மார்ட்சிடிஎல்-இல் எஸ்சிடி-ஈஆர்சி மதிப்பை 70, அதாவது 7 விநாடி என்று வையுங்கள். ஆதரிக்காவிட்டால் கெர்னல் பக்கத்து டைம்அவுட்டை 180 விநாடிக்கு உயர்த்துங்கள். இரண்டும் ரீபூட்டில் போய்விடும் என்பதால், தொடக்கத்தில் தானாக ஓடும்படி ஒரு ஸ்கிரிப்டில் போட்டுவிடுவது நல்லது.

புது டிஸ்க்

வாங்கும் முன் அது எஸ்எம்ஆர் வகையா சிஎம்ஆர் வகையா என்று பாருங்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், இடைவிடாமல் எழுதினால் வேகம் பாதாளத்துக்குப் போகும், ரெய்டில் ரீபில்ட் (புது டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்பக் கட்டும்) நேரத்தில் டிஸ்க் வெளியே தள்ளப்படவும் கூடும். ரெய்டுக்கு, தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் மட்டும்தான்.

பெட்டியில் ஒரே அளவு எழுதியிருந்தாலும் இரண்டு நிறுவனங்களின் டிஸ்க்கில் செக்டார் எண்ணிக்கை கொஞ்சம் வேறுபடலாம். பழையதைவிட ஒரு மெகாபைட் குறைந்தாலும் தொகுப்பு ஏற்காமல் போகலாம், அதனால் பிளாக்டெவ் கொண்டு பைட் கணக்கில் ஒப்பிடுங்கள். புது டிஸ்க்கிலும் நீண்ட சோதனையை ஓட்டுங்கள், முடிந்தால் பேட்பிளாக்ஸ் மூலம் முழுக்க ஒருமுறை எழுதிப் படியுங்கள். பேட்பிளாக்ஸின் எழுதும் சோதனை டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் அழித்துவிடும், சீரியல் எண்ணைப் பார்த்து உறுதி செய்தபின்தான் தொடவேண்டும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ரீபூட்டில் இடம் மாறும். டெவ் அடைவில் டிஸ்க்-பை-ஐடி என்பதற்குள் இருக்கும், சீரியல் எண் கொண்ட பெயர்களையே பயன்படுத்துங்கள்.

பழைய டிஸ்க்குகளில் பார்ட்டிஷன் போட்டு அதைத் தொகுப்பில் சேர்த்திருந்தால் புதிதிலும் அப்படியே செய்யுங்கள். 2 டெராபைட்டுக்கு மேல் எம்பிஆர் அட்டவணை உதவாது, ஜிபிடிதான். எஸ்ஜிடிஸ்க் கொண்டு அட்டவணையை நகலெடுத்தால், நகலெடுத்தபின் டிஸ்க்கை அடையாளம் காட்டும் ஜியுஐடி-யைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை இரண்டு முறை பாருங்கள், வரிசை மாறினால் காலி அட்டவணை பழைய டிஸ்க்கின்மேல் ஏறிவிடும்.

யுபிஎஸ் இருக்கிறதா, பேட்டரி உண்மையில் தாங்குகிறதா என்பதையும் பாருங்கள். ஒரு நாளுக்கு மேல் ஓடக்கூடிய வேலை இது.

டிஸ்க் சேர்த்துப் பெரிதாக்குவது

சரி, இப்போது கட்டளை. எம்டிஆட்மில் ஆட் கொடுத்துப் புது டிஸ்க்கைச் சேருங்கள், அது ஸ்பேராக, அதாவது உதிரி டிஸ்க்காக, உட்காரும். ப்ராக் அடைவின் எம்டிஸ்டாட் ஃபைலில் அது எஸ் என்ற குறியோடு தெரியும். சேர்த்ததாலேயே இடம் கூடிவிடாது, இதுவரை எதுவும் மாறவில்லை, மனம் மாறினால் எடுத்துவிடலாம்.

அடுத்தது குரோ. ரெய்டு-டிவைசஸ் என்பதற்குப் புது எண்ணிக்கையைக் கொடுக்கவேண்டும், நான்கு இருந்தால் 5. கூட்டவேண்டிய எண்ணை அல்ல, மொத்த எண்ணை. பேக்கப்-ஃபைல் என்றும் ஓர் இடம் கொடுங்கள். தொடக்கத்தில் சில ஸ்ட்ரைப்புகளை மேலெழுதும் கட்டத்தில் மின்சாரம் போனால் அதிலிருந்துதான் மீளமுடியும். அந்த ஃபைல் பெரிதாக்கப்படும் அதே தொகுப்பில் இருக்கக்கூடாது. ரேமில் இருக்கும் டிஎம்பி அடைவிலும் கூடாது. புது வகை மெட்டாடேட்டாவில் (தொகுப்பைப் பற்றி டிஸ்க்கில் எழுதப்படும் குறிப்பு) டேட்டா தொடங்கும் இடத்தையே கொஞ்சம் நகர்த்தி, இந்த ஃபைல் தேவைப்படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் கொடுப்பதில் நஷ்டமில்லை.

தொடங்கியதும் எம்டிஸ்டாட்டில் ரீஷேப் என்று சதவீதமும் வேகமும் தெரியும். எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் படிப்பும் எழுத்தும் நடப்பதால் இது சாதாரண ரீபில்டைவிட மெதுவாகத்தான் போகும். 4 டெராபைட் டிஸ்க்கில் விநாடிக்கு 40 மெகாபைட் கிடைத்தால் ஏறத்தாழ 28 மணி நேரம். அந்த நேரம் முழுக்க டேட்டாவைப் படிக்கலாம், எழுதலாம். வேகத்தின் கீழ்வரம்பு இயல்பாக விநாடிக்கு 1000 கிலோபைட், மேல்வரம்பு 2,00,000. சர்வரில் வேறு வேலை இருந்தால் கெர்னல் கீழ்வரம்பை நோக்கி இறங்கிவிடும். இரவில் கீழ்வரம்பை உயர்த்தி, காலையில் பயனர்கள் வரும்போது இறக்கிவிடலாம். ஸ்ட்ரைப்-கேஷ்-சைஸ் என்ற மதிப்பு இயல்பில் 256 இருக்கும், அதை 4096 ஆக்கினால் பல சர்வர்களில் வேகம் தெளிவாகக் கூடும். ஐந்து டிஸ்க்குக்கு அது ஏறத்தாழ 80 மெகாபைட் ரேம்தான் எடுக்கும்.

வேகம் பூஜ்யத்திலேயே நின்று சதவீதம் நகரவில்லை என்றால் பதறி ரீபூட் செய்யாதீர்கள். பின்னணியில் ஓடவேண்டிய எம்டிஆட்ம்-குரோ-கன்டினியூ என்ற சிஸ்டம்டி சர்வீஸ் தோற்றிருக்கலாம். அதன் பதிவைப் பாருங்கள், பேக்கப்-ஃபைலுக்கு எழுத அனுமதி இல்லாததுபோன்ற காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

ஒவ்வொன்றாக மாற்றிப் பெரிதாக்குவது

பலர் செய்வது, ஒரு டிஸ்க்கை ஃபெயில் என்று குறித்து, கழற்றி, புதிதைப் போட்டு ரீபில்ட் செய்வது. ரெய்டு 5-ல் இப்படி நான்கு முறை செய்தால் நான்கு முறை பாதுகாப்பே இல்லாமல் பல மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்று பொருள். ஒரே ஒரு காலி ஸ்லாட் இருந்தாலும், யுஎஸ்பி பெட்டியாகவே இருந்தாலும், ரீப்ளேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். புது டிஸ்க்கை ஸ்பேராகச் சேர்த்து, இந்தப் பழையதை இந்தப் புதிதால் மாற்று என்று சொன்னால், பழைய டிஸ்க் தொகுப்பில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நகல் நடக்கும். நகல் முடிந்தபிறகுதான் பழையது விலகும். லினக்ஸ் கெர்னல் 3.3 முதல் இது இருக்கிறது.

கழற்றிய பழைய டிஸ்க்குகளை எல்லாம் முடியும்வரை அழிக்காமல் எடுத்து வையுங்கள். கடைசி டிஸ்க்கும் மாறியபின் குரோ முறையில் சைஸ் என்பதற்கு மேக்ஸ் என்று கொடுத்தால் தொகுப்பு விரியும். பிட்மேப் (எந்தப் பகுதிகளில் எழுத்து நடக்கிறது என்ற குறிப்பு) இருப்பதால் முடியாது என்று மறுத்தால் அதை நீக்கிவிட்டு விரித்து, பிறகு மீண்டும் போடுங்கள். கூடிய பகுதிக்கு பேரிட்டி கணக்கிட ஒரு ரீசிங்க் ஓடும், அது முடியட்டும்.

மேல் அடுக்குகள்

தொகுப்பு பெரிதானாலும் காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை பழைய அளவையே காட்டும். கீழிருந்து மேலாக ஒவ்வொரு அடுக்கையும் விரிக்கவேண்டும்: எம்டி சாதனத்தில் பார்ட்டிஷன் இருந்தால் முதலில் அது, அடுத்து லக்ஸ் இருந்தால் கிரிப்ட்செட்அப் ரீசைஸ், பிறகு எல்விஎம்மில் பிவிரீசைஸ், எல்விஎக்ஸ்டெண்ட், கடைசியில் ஃபைல் சிஸ்டம். ரீஷேப் முழுக்க முடிவதற்கு முன் இதில் எதையும் தொடவேண்டாம்.

எக்ஸ்ட்4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், மவுண்ட் ஆகியிருக்கும்போதே வளரும். ஆனால் 64பிட் வசதி இல்லாமல் உருவாக்கிய பழைய எக்ஸ்ட்4, 16 டெபிபைட்டை (ஏறத்தாழ 17.6 டெராபைட்) தாண்டாது, அதை மாற்ற அன்மவுண்ட் செய்தாகவேண்டும். இதை டிஸ்க் வாங்குவதற்கு முன்பே டியூன்2எஃப்எஸ் கொண்டு பார்த்துவிடுங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்-குரோஎஃப்எஸ், இதற்குச் சாதனத்தின் பெயரை அல்ல, மவுண்ட் பாயிண்ட்டைக் கொடுக்கவேண்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸை வளர்த்தால் பழைய அளவுக்குச் சுருக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்விஎம் இருந்தால் கிடைத்த இடம் முழுவதையும் ஒரே நாளில் கொடுத்துவிடாமல் கொஞ்சத்தை ஒதுக்கி வைப்பது என் வழக்கம், ஸ்னாப்ஷாட்டுக்கு அது கட்டாயம் வேண்டும்.

ஹார்டுவேர் கன்ட்ரோலரும் இசட்எஃப்எஸ்ஸும்

ஹார்டுவேர் ரெய்டில் இதே வேலையைக் கன்ட்ரோலரே செய்கிறது. மெகாரெய்டு வகையில் ஸ்டோர்சிஎல்ஐ-யின் மைக்ரேட், ஹெச்பி ஸ்மார்ட் அரேயில் எஸ்எஸ்ஏசிஎல்ஐ மூலம் முதலில் அரேயை விரித்து, பிறகு லாஜிக்கல் டிரைவை விரிப்பது. கேஷ் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஸ்மார்ட் அரேயில் அது இல்லாமல் விரிக்கவே முடியாது. முடிந்தபின் இயங்குதளம் புது அளவை உணர அந்த டிஸ்க்கை ரீஸ்கேன் செய்யவேண்டும், மேல் அடுக்கு வேலைகள் அதே வரிசைதான்.

ரெய்டையும் ஃபைல் சிஸ்டத்தையும் ஒன்றாகவே கவனிக்கும் இசட்எஃப்எஸ்ஸில் ஒரு பொறி இருக்கிறது. ரெய்டு-இசட் தொகுப்பில் ஒரு டிஸ்க்கைச் சேர்க்க ‘ஆட்’ கொடுத்தால் அது தனி விடெவ் (பூலின் ஓர் அங்கம்) ஆகச் சேரும், அந்த ஒரு டிஸ்க் செத்தால் மொத்த பூலும், அதாவது முழு சேமிப்பும், போய்விடும், ரெய்டு-இசட் இருக்கும் பூலிலிருந்து அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. கட்டளை எச்சரிக்கும், அந்த எச்சரிக்கையை ஃபோர்ஸ் போட்டுத் தாண்டாதீர்கள். 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3 முதல் ‘அட்டாச்’ மூலம் ரெய்டு-இசட்டை ஒவ்வொரு டிஸ்க்காக விரிக்கலாம். பழைய டேட்டா பழைய பேரிட்டி விகிதத்திலேயே இருக்கும், திருப்பி எழுதினால்தான் புது விகிதத்துக்கு மாறும், அதனால் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவான இடம் தெரிந்தால் பயப்படவேண்டாம். பெரிய டிஸ்க்காக மாற்றும் வழியில் ரீப்ளேஸ் செய்து, ஆட்டோஎக்ஸ்பாண்டை ஆன் செய்தால் போதும்.

நடுவில் ஏதாவது ஆனால்

மின்சாரம் போனாலோ ரீபூட் ஆனாலோ ரீஷேப் எங்கே நின்றது என்பது ஒவ்வொரு டிஸ்க்கிலும் மெட்டாடேட்டா இருக்கும் சூப்பர்பிளாக்கில் இருக்கும், தொகுப்பு எழுந்ததும் அங்கிருந்து தொடரும். தானாக எழவில்லை என்றால் அசெம்பிள் கட்டளையில் அதே பேக்கப்-ஃபைலைக் கொடுங்கள். ஒரு டிஸ்க் செத்தால், ரெய்டு 5 ஆனாலும் ரீஷேப் பாதுகாப்பு குறைந்த நிலையில் தொடர்ந்து முடிக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் எழுதும் வேலைகளை நிறுத்தி, பேக்கப்பிற்குப் பிறகு மாறிய டேட்டாவை உடனே வெளியே எடுங்கள்.

இரண்டு டிஸ்க் விழுந்து தொகுப்பே நின்றுவிட்டால், தயவுசெய்து ‘கிரியேட்’ கட்டளையைத் தொடாதீர்கள். இணையத்தில் பல இடங்களில் அந்த யோசனை கிடைக்கும். அது மெட்டாடேட்டாவைப் புதிதாக எழுதுகிறது, டிஸ்க் வரிசையோ டேட்டா தொடங்கும் இடமோ துளி மாறினாலும் உள்ளே இருப்பது குப்பையாகத் தெரியும், அந்த நிலையில் ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே ஓட்டினால் மிச்சமும் போகும். பாதி முடிந்த ரீஷேப்பில் இன்னும் மோசம், ஏனென்றால் தொகுப்பின் ஒரு பகுதி பழைய அமைப்பிலும் மறுபகுதி புது அமைப்பிலும் இருக்கும். சர்வரை நிறுத்துங்கள், விழுந்த டிஸ்க்குகளை டிடிரெஸ்க்யூ கொண்டு வேறு டிஸ்க்குகளுக்கு நகலெடுங்கள், நகல்களை வைத்து மட்டும் அசெம்பிள், ஃபோர்ஸ் என்று முயலுங்கள். அசலைத் தொடாதவரை இன்னொரு முயற்சிக்கு வழி இருக்கும்.

முடிந்தபிறகு

எம்டிஆட்ம் கான்ஃபிக் ஃபைலில் பழைய டிஸ்க் எண்ணிக்கை எழுதியிருந்தால் திருத்தி, பூட்டில் முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள், இல்லையென்றால் அடுத்த பூட்டில் தொகுப்பு எழாமல் போகலாம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே ஒருமுறை ரீபூட் செய்து பாருங்கள். இன்னொரு ஸ்கிரப் ஓட்டுங்கள். டிஸ்க் விழுந்தால் மின்னஞ்சல் வருகிறதா என்று எம்டிஆட்ம் மானிட்டரின் டெஸ்ட் மூலம் சோதியுங்கள். உயர்த்தி வைத்த வேக வரம்புகளை இறக்குங்கள். பேக்கப் போகும் இடத்திலும் இனி அதிக இடம் வேண்டும், அதையும் கணக்கிட்டு, புது அளவில் ஒரு முழு பேக்கப் முடிந்தபிறகு கழற்றி வைத்த பழைய டிஸ்க்குகளை அழிக்கலாம்.